ஓடாத ஏ.சி.க்கு வேர்க்காது

“ஓடாத ஏ.சி.க்கு வேர்க்காது டீச்சர்” என்று சொல்லிவிட்டு நிஜாமுதீன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவருக்கு அது தொழில் பேச்சு, அவ்வளவுதான். நான்தான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, “மேல ஏ.சி. ஓடலைங்க, அந்த ரூமைப் பூட்டி மூணு வருஷமாச்சு” என்று இரண்டாவது தடவையாகச் சொன்னேன். தப்பான விடையைத் திரும்பக் கேட்டால் இன்னும் சத்தமாகச் சொல்லும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் குழாயைக் காட்டினார். “தொட்டுப் பாருங்களேன்” என்றார். ஸ்டூலில் ஏறித் தொட்டேன். சமையலறை மூலையில் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, ஜன்னலுக்கு மேலே சுவரைத் துளைத்து வெளியே போகிற செம்புக் குழாய். மாடியில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாட்ட இடம் சரியில்லை என்று பின்சுவரில், பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிக்குப் பக்கத்திலேயே எங்களுடையதையும் மாட்டி, குழாயை என் சமையலறை வழியாக விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்து கிடந்தது. இன்றைக்குத்தான் மூடியைக் கழற்றினார். மேலே ஓட்டையில் அடைத்திருந்த பழைய துணியையும் உருவிப் போட்டார். குழாயைச் சுற்றியிருந்த கருப்புப் பஞ்சை எலி குதறி வைத்திருந்தது. குதறிய இடமெல்லாம் செம்பு தெரிய, செம்பு முழுக்க முத்து முத்தாக நீர். விரல் வைத்தால் எலும்புவரை ஜில்லென்று ஏறியது. “உள்ள ஜில்லுனு கேஸ் ஓடுது. ஒங்க சமையக்கட்டு ஆவி அதுமேல பட்டு தண்ணியா நிக்குது. லீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, வேர்வை. நான் போயி பஞ்சுக் குழா வாங்கிட்டு வந்துர்றேன், அரை மணி நேரம். நீங்க மேல போயி ஆஃப் பண்ணி வைங்க. நல்லாக் காஞ்சப்பறந்தான் சுத்தணும். ஈரத்தோட சுத்துனா உள்ளுக்குள்ளயே ஊறிக்கிட்டுக் கெடக்கும், வெளிய தெரியாது, செவுரு போயிரும்.” வாசலில் செருப்பை மாட்டும்போது, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: “மேல ஆள் இருக்காங்க டீச்சர். கொழந்த சத்தம் கேட்டுச்சு.” வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிற சத்தம் வரைக்கும் நான் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை, மணி இரண்டே கால். நான் இந்த நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டியவள் இல்லை. ஆண்டுத் தேர்வு நடக்கிறது, இன்றைக்கு இரண்டு வேளையும் மேற்பார்வை, வர ஐந்தாகும் என்று காலையில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மதிய வேளையை வேறொருத்திக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் ஏ.சி.யைப் பார்க்க வந்திருந்த நிஜாமுதீனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன், என் சமையலறைச் சுவர் ஏன் ஊறுகிறது என்று ஒரு தடவை பாருங்கள் என்று. முப்பத்தொரு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு ஆவி சுருங்குதல் நடத்துகிறவள் நான். மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளர், உள்ளே ஐஸ் போட்ட தண்ணீர். ஐந்து நிமிஷத்தில் டம்ளருக்கு வெளியே பொடிப் பொடியாக நீர் கோக்கும். இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு, சொல்லுங்க. வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை எழுந்து, டம்ளர் ஒழுகுது மிஸ், என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்புறம் நிதானமாகச் சொல்லுவேன், தண்ணி உள்ளேயிருந்து வரலை, வெளியில் இருக்கிற காத்திலிருந்து வந்திருக்கு, உள்ளே குளிர்ச்சியா இருக்கிறதாலே காத்தில் கண்ணுக்குத் தெரியாம இருந்த ஈரம் இங்கே வந்து நின்னிருக்கு. இதைச் சொல்லிக் கொடுத்தவள்தான் சுவர் ஈரமாகிறது என்றதும் பிளம்பரைக் கூப்பிட்டேன். டம்ளர் ஒழுகுது மிஸ். அவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஞாயிற்றுக்கிழமை குழாய் காய்ந்து கிடக்கும் என்று இப்போதுதானே தெரிகிறது. சிங்க்குக்குக் கீழே மூன்று டைல்ஸை உடைத்தான், தண்ணீர்க் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தான், ஒன்றுமில்லை என்றான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உளி டைல்ஸில் இறங்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டினார். “மேல் டேங்க்லேருந்து கசியுமோ என்னமோப்பா” என்றார். அவனுக்குக் காப்பி போடச் சொல்லி என்னிடமே சொன்னார். எல்லாம் தெரிந்த மனுஷன் என் சமையலறையை உடைக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் மெதுவாக உறைக்கிறது.

இல்லை, இரு, அவசரப்படாதே. மேலே யாரோ இருக்கிறார்கள், அதை வைத்து என்னென்னவோ கட்டாதே. அவர் சிற்சபேசன், அறுபத்து மூன்று வயது, பத்திரப்பதிவு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறவர். செவ்வாயும் வியாழனும் மதியத்தில் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போகிறேன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறவர். அவரைப்போய் ஒரு பொம்பளையோடு வைத்து நினைத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷம், நினைத்துப் பார்த்தேன்தான், அந்த ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்தது, ஏனென்றால் அது தாங்கக்கூடியதாக இருந்தது. பொம்பளை என்றால் சண்டை போடலாம். ஆனால் நிஜாமுதீன் குழந்தை என்றார். அந்த அறைச் சாவி என் வீட்டுக்காரர் கொத்தில் இருக்கிறது. அந்த ரூமைப் பார்த்தாலே வயிறு எரியுது, நீ அந்தப் பக்கம் போகாதே என்றார், நான் போகவில்லை, படியைப் பெருக்கக்கூடப் போகவில்லை. வெளிப்படி என்பதால் யார் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே தெரியாது. பின்பக்கம் ஏ.சி.ப் பெட்டி இரைவது கேட்டால் பக்கத்து வீட்டுடையது என்று நினைப்பேன். தீபாவளி கழித்து ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன சாக்ஸ் கிடந்ததே. பெருவிரல் நீளம்கூட இராது, மஞ்சள் நிறம். “பக்கத்து வீட்டுதா இருக்கும், காத்துல வந்திருக்கும்” என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள். எனக்கு அது தெரியாதா, தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை. பிறகு மோர்க்குழம்பு. செவ்வாய் காலை வந்தால் “இன்னிக்கு வெண்டைக்கா போட்டு மோர்க்குழம்பு வையேன் சௌந்தரா, கொஞ்சம் கூடவே வை” என்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் காலி, கழுவிக் கவிழ்த்துக்கூட வைத்திருப்பார். ஸ்டென்ட் வைத்த பிறகு பசி திரும்பி வந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். திருப்பட்டூர் போய் அர்ச்சனைகூடப் பண்ணினேன். இந்த மனுஷன் பாத்திரம் கழுவினாரே, அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மோர்க்குழம்பு யாருக்குப் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கை. மங்கையர்க்கரசி என்று பேர் வைத்து மங்கை என்று கூப்பிட்ட ஒரே பெண். அவள் பாங்க் பரீட்சைக்குப் படிக்கத்தான் அந்த அறைக்கு ஏ.சி. போட்டது. நான் கீழே சமைத்துவிட்டு, படியேற முழங்கால் கெஞ்சும் என்பதால், கரண்டிக் காம்பால் இந்தக் குழாயில் மூன்று தட்டு தட்டுவேன், இந்த வெள்ளை மூடிக்குக் கீழே செம்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். சாப்பிட வா என்று அர்த்தம். செம்பு சத்தத்தை அழகாக மேலே கொண்டுபோகும், அதையும் வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். மேலேயிருந்து பேனாவால் இரண்டு தட்டு வந்தால் வர்றேன். ஒரு தட்டு என்றால் பசிக்கலை. அவருக்கு இந்த விஷயமே தெரியாது, அவர் அப்போது ஆபீசில் இருப்பார். அவள் பரீட்சை பாஸ் பண்ணி, வேலை கிடைத்து, கூட வேலை பார்க்கிற பையனை வேறு ஊரில் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு பங்குனி மாசம் மாலையோடு வாசலில் வந்து நின்றாள். அவர் ஆபீசில் அந்த மாதிரி எத்தனை ஜோடிக்கு அவரே சாட்சிக் கையெழுத்து வாங்கியிருப்பார். “என் மேஜைக்கு முன்னாடி நின்னுருந்தாக்கூட எனக்கு இவ்வளவு அவமானம் இல்ல” என்று கத்தினார். வாசல் கதவைச் சாத்தினார். மங்கை போனபிறகு சாமி அலமாரியைத் திறந்து தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். “அவகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு இதை அணைச்சு சத்தியம் பண்ணு. என் உயிர்மேல சத்தியம். பேசினா என் தலை போயிரும்னு பண்ணு” என்றார். நான் அழுதேன். “நீங்க பண்ணுங்க முதல்ல” என்றேன், சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. “நான் ஆம்பளை. சொன்னா சொன்னதுதான். ஒம்மேலதான் எனக்கு நம்பிக்கை இல்ல. நீ பெத்தவ, எளகிருவ” என்றார். உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தேன். நான் டீச்சர், எதையும் ஒழுங்காகச் செய்து பழக்கம், பட்டும் படாமல் தட்டத் தெரியவில்லை. சுட்டுக் கொப்புளம் எழும்பி, இப்போதும் கட்டைவிரலுக்குக் கீழே தோல் பளபளவென்று இருக்கிறது. அவர் கையில் ஒன்றும் இல்லை.

டபராவை எடுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தேன். டிங். என்ன பண்ணுவது என்று தெரியாதபோது பாத்திரம் எடுத்து வைப்பேன், அது என் புத்தி. மேலே ஏதோ உருண்டது, எவர்சில்வர் டம்ளர் மாதிரி, தரையோடு உருண்டு சுவரில் முட்டி நின்றது. பிறகு சின்னக் கால்கள், தத்தித் தத்தி, நாலு அடி, ஒரு இடைவெளி, தொப். நடக்கிறது. நடக்க ஆரம்பித்துவிட்டது. பெண் குழந்தை என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி காதோடு சொன்னாள், பேர் யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஸ்டூலில் ஏறினேன். துணி உருவிய ஓட்டை என் தலைக்கு நேர் மேலே, ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அகலம், அதன் வழியாக ஜில்லென்று காற்று என் நெற்றியில் இறங்கியது. காற்றோடு பேச்சும் இறங்கியது. அவர் குரல், என்னிடம் பேசும்போது எங்கே போய்விடுகிறது இந்தக் குரல், “பாப்பு, தாத்தாட்ட வா, இங்க வா, ஆ சொல்லு” என்றது. பாப்பு என்பது கூப்பிடுகிற பேர்தான், நிஜப் பேர் அதில்லை. கரண்டி தட்டில் உரசியது. “நீயும் சாப்பிடும்மா, பேசிக்கிட்டே இருக்க, ஆறிப்போகுது.” அப்புறம் அவள். மூன்று வருஷம். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, ஜலதோஷமா, இல்லை, பிள்ளை பெற்றால் அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆயிற்று. “மோர்க்குழம்பு அம்மா வைக்கிற மாதிரியே இருக்குப்பா” என்றாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். என் மூச்சு மேலே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்தினேன். சொல்லுங்கள், அம்மாதான் வைத்தாள் என்று சொல்லுங்கள். “நாந்தாம்மா வச்சேன்” என்றார் அவர். “என்ன பண்றது, ஒங்கம்மா காலைலயே ஸ்கூலுக்கு ஓடிர்றா. நானே கத்துக்கிட்டேன்.” வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன். அரிசியும் தேங்காயும் சீரகமும் நான் காலை ஐந்தரைக்கு எழுந்து அரைத்தது, வெண்டைக்காய் பிசுபிசுப்புப் போக நான் வதக்கியது. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் அவருக்கு. என் பெண்ணுக்கு ஒரு வருஷமாக நான் சோறு போட்டிருக்கிறேன், எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, நடுவில் இவர் பரிமாறுகிறார்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் இறங்கி அழுதுவிட்டு நிஜாமுதீனுக்குக் காத்திருந்திருப்பேன். ரகசியமாகவாவது பார்க்கிறாரே, பெற்ற அப்பன்தானே, எனக்குச் சொல்லப் பயந்திருப்பார், சத்தியம் வாங்கியவரே மீறினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று, எனக்கே உரிய பைத்தியக்காரத்தனத்தோடு, அவருக்காக நானே வாதாட ஆரம்பித்திருப்பேன். இந்த மூன்று வருஷமும் நான் மங்கையின் போனை எடுக்காமல் வைத்தது அவர் உயிருக்காக. அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது, நான் எங்கேயாவது வாய் தவறி அவள் பேரைச் சொல்லிவிட்டேனோ, அதனால்தானோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யோசித்து யோசித்துப் பார்த்தவள் நான். சயின்ஸ் டீச்சர். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் மேலே பேச்சு நிற்கவில்லை. மங்கை மெதுவாக, “அம்மா எப்படி இருக்காங்க” என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், எனக்கு அந்தப் பெருமூச்சு தெரியும், சங்கத்துக் கூட்டத்தில் பேச எழுந்திருக்கும்போது விடுவது. “இருக்கா. நானும் சொல்லாத நாள் இல்லம்மா. போனது போகட்டும் சௌந்தரா, பேத்தியப் பாருன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். மனசு எரங்கமாட்டேங்கிறா. கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டு ஒக்காந்திருக்கா. நான் ஒன்னப் பாக்குறேன்னு தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவா.” ஒரு சொட்டு என் கண்ணிமைமேல் விழுந்தது. துடைக்கவில்லை. “ஸ்கூல் கேட்டுக்கே போனேன்பா நான்” என்றாள் மங்கை. “ஏழு மாசம் எனக்கு. என்னப் பாத்துட்டு சைக்கிள் ஸ்டாண்ட் வழியா திரும்பிப் போனாங்க.” “தெரியும்மா” என்றார் அவர். “அன்னிக்குச் சாயங்காலம் வந்து எங்கிட்ட பெருமையா சொன்னா.”

பெருமையா. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனசு அங்கேயே நின்றுவிட்டது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி, இழுத்தால் கிழியும். அன்றைக்கு நான் எப்படிச் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னேன். “மங்கை வந்தா. வயிறு இறங்கியிருக்கு. நான் பேசலை.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமல், “நல்லது பண்ணினே” என்றார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன், அவர் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் பாட்டில் எங்கே என்று கேட்டார். அப்போதே அவளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாரா, இல்லை அதற்குப் பிறகா. நான் பார்த்துச் சொன்னதால்தான் போய்ப் பார்த்தாரா. நான் சொன்ன வயிற்றைப் பார்க்கத்தான் போனாரா. இதற்கு நடுவில் இன்னொன்று, அதை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன். பேசக்கூடாது என்றுதானே சத்தியம். பார்க்கக்கூடாது என்று இல்லையே. பேசாமல் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். அவள் கையிலிருந்த பையை வாங்கியிருக்கலாம். வாய் திறக்காமல் அந்த வயிற்றில் கை வைத்திருக்கலாம். கற்பூரம் என் காலையுமா கட்டியது. கேட்டில் அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அம்மாவிடம்கூடச் சொல்லாமல், எவன் ஊரிலோ போய்க் கையெழுத்துப் போட்டாயே என்கிற கோபம். அது என் சொந்தக் கோபம், அதை அவர் ஏற்றவில்லை. அந்த மனுஷன் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் பாருங்கள். முழுப் பொய் சொன்னால் மங்கை நம்பமாட்டாள், என்னிடம் இருக்கிற கொஞ்சத்தை எடுத்து அதைச் சுற்றி இவர் கட்டியிருக்கிறார். உள்ளே இருந்த குளிர்ச்சி என்னுடையது என்று சொல்லிவிட்டு, மாடியில் குளுகுளுவென்று உட்கார்ந்து என் பேத்திக்கு ஊட்டுகிறார்.

சொட்டு நிதானமாகிறதா. டிங். எண்ணினேன். முன்பு ஏழு எண்ணுவதற்குள் விழுந்தது, இப்போது பத்து ஆகிறது. பின்பக்கம் பெட்டியின் இரைச்சலில் ஒன்று குறைந்திருக்கிறது. ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். கிளம்பப்போகிறார்கள். நான் ஐந்து மணிக்கு வருவதற்குள் தட்டைக் கழுவி, ஜன்னலைச் சாத்தி, பூட்டி, அவர் கீழே வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சங்கத்தில் இன்றைக்கு என்ன தீர்மானம் போட்டார்கள் என்று எனக்குக் கதை சொல்லுவார். குழாய் காய்ந்துவிடும். நிஜாமுதீன் வந்து காய்ந்த குழாயில் புதுப் பஞ்சைச் சுற்றி, டேப் போட்டு, ஓட்டையை அடைத்து, மூடியை மாட்டிவிட்டுப் போவார். நன்றாகச் செய்வார், இனி ஒரு சொட்டு வராது. மேலே அவர்கள் ஆயிரம் தடவை வந்துபோனாலும் என் சுவர் ஈரமாகாது. எனக்கு இதைவிடப் பெரிய பயம் எதுவும் இல்லை. “சரிப்பா, பாப்பு தூங்கறதுக்குள்ள பஸ்ஸப் புடிக்கணும்” என்றாள் மங்கை. அவள் அம்மாவைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. “விடுங்கப்பா, அவங்க அப்படித்தான்” என்று மட்டும் சொன்னாள். அவங்க. அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டவள்தான், இப்போது அந்த அம்மாவும் போய் அவங்க மட்டும் மிச்சம். வீட்டுச் சொந்தக்காரியைச் சொல்வது மாதிரி. மேலே ஓடிப்போய் அந்தக் கதவில் நின்று, பொய், அத்தனையும் பொய் என்று கத்தலாம். கத்தினால் வீட்டை ரெண்டாக்குகிறவள் ஆகிவிடுவேன், பாத்தியாம்மா நான் சொன்னேன்ல என்பார், அதற்கும் ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் தலை போய்விடும் என்று சத்தியம். போகட்டும், அவர் தலைக்கு அவர் பொறுப்பு, எனக்கு அந்த வேலை இன்றோடு முடிந்தது, ஆனாலும் சத்தம் வரவில்லை. என்ன சொல்வேன். அவளை நம்ப வைக்க என்னிடம் என்ன இருக்கிறது, கையில் ஒரு சுட்ட தழும்பு, அதுவும் அவருக்குத்தான் சாட்சி. மோர்க்குழம்பு இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாத ஒன்று, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று வேண்டும்.

ஸ்டூலில் நின்றபடியே கையை நீட்டி மேடையிலிருந்து கரண்டியை எடுத்தேன். காலையில் குழம்பு கிண்டிய அதே கரண்டி, காம்பில் மஞ்சள் ஒட்டியிருந்தது. குழாயில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. செம்பு முழுக்க நின்றிருந்த நீர் அதிர்ந்து மொத்தமாக என் முழங்கையில் வழிந்தது. மேலே பேச்சு நின்றது. “என்னப்பா அது?” “எலியா இருக்கும்மா” என்றார் அவர், கொஞ்சங்கூடத் தயங்காமல். “கீழ ஒரே எலித் தொந்தரவு. நீ கெளம்பு, நான் பாப்புவத் தூக்கிட்டு வர்றேன்.” எலி. முப்பத்து மூன்று வருஷம் இவருக்குப் பொங்கிப் போட்ட எலி. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினேன், முன்பு தட்டுகிற அதே கணக்கில், முதல் இரண்டும் ஒட்டி, மூன்றாவது கொஞ்சம் தள்ளி. சாப்பிட வா. மேலே வளையல் சத்தம். “எலி இல்லப்பா” என்றாள் மங்கை. அந்தக் கனத்த குரல் போய், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் வந்திருந்தது. “என்னம்மா நீ, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்ன. எங்க போற? ஒக்காரு மங்கை. மங்கை, நான் சொல்றதக் கேளு.” அவர் குரலை நான் இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டதில்லை. காலடி ஓட்டைக்கு மேலே வந்து நின்றது. உள்ளங்கையால் குழாயைப் பிடித்துக்கொண்டேன், தழும்பு இருக்கிற கையால், குளிர் இன்னும் முழுசாகப் போகவில்லை. வாசலில் நிஜாமுதீன் வண்டி வந்து நின்றது, “டீச்சர், ஆஃப் பண்ணியாச்சா?” என்று அவர் குரல் கேட்டது. குழாயில் ஒரு தட்டு இறங்கியது, என் உள்ளங்கைக்குள் தெரிந்தது. ஒன்று. பசிக்கலை. டபராவில் ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் ஒன்றும் விழவில்லை, நான் கையை எடுக்காமல் நின்றேன். பிறகு இன்னொரு தட்டு இறங்கியது.